படியும் சுட்டும்: கணனி மொழிகளில் பதிவேட்டுக் கைமாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணனி மொழிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை மேதைகளின் வரலாறாகவே எழுதிச் செல்கின்றனர். போர்ட்ரானை ஆக்கியவர் பக்கஸ், பஸ்காலை ஆக்கியவர் விர்த், சி மொழியை ஆக்கியவர் றிச்சி என்றவாறு பெயர்களை நிரைப்படுத்திவிட்டால் வரலாறு கூறியாயிற்று என்ற எண்ணம் அவர்களிடம் காணப்படுகின்றது. அரசர் பட்டியலையே வரலாறெனக் கொண்ட பழைய நோக்கின் புதிய வடிவம் இது. இக்கட்டுரையில் நாம் அம்மொழிகளின் மிகச் சிறிய கூறொன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். செய்நிரலாளர் தாமே வகுத்துக்கொண்ட ஒரு தரவு வகையை, அதாவது பல புலங்களைக் கொண்ட ஒரு பதிவேட்டை, ஒரு துணைநிரலிடம் ஒப்படைக்கும்போது அதன் படியை ஒப்படைப்பதா, அல்லது அது இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டுவதா என்பதே அக்கூறு. பாடநூல்கள் இதனை வேகம், நினைவகச் சிக்கனம் ஆகியன பற்றிய தொழில்நுட்ப விடயமாகக் கருதி ஓரிரு பக்கங்களில் முடித்துவிடுகின்றன. ஆயின், ஒருவர் ஆக்கிய பொருளை மாற்றும் உரிமை இன்னொருவருக்கு எந்த நிபந்தனையில் உண்டு என்ற வினா இதன் அடித்தளத்தில் உள்ளது என்பதும், அவ்வினாவுக்குக் காலத்துக்குக் காலம் அளிக்கப்பட்ட விடைகள் அவ்வக்காலத்து உற்பத்தி நிலைமைகளோடு பிணைந்தவை என்பதும் எமது கருத்தாகும்.

இலக்கியத் துறை சார்ந்த நாம் இவ்விடயத்தில் நுழைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மூலத்துக்கும் படிக்கும் இடையிலான உறவு ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்குவோருக்குப் பழக்கமான பிரச்சினைதான் என்று மட்டும் கூறி மேலே செல்கிறோம்.

முதலில் இரு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு காணி உறுதியை எடுத்துக்கொள்வோம். அதன் படியொன்றைச் சட்டத்தரணியிடம் கொடுத்தால், அவர் அதன் ஓரங்களில் எதனைக் குறித்தாலும் மூலவுறுதிக்கு ஊறில்லை. மூலவுறுதி இருக்கும் பெட்டகத்தின் திறப்பையே கொடுத்துவிட்டால், அவர் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் மூலத்திலேயே பதியும். முன்னையது பெறுமானவழி அனுப்புகை. பின்னையது சுட்டுவழி அனுப்புகை. (இங்குப் பெறுமானம் என்பது கணிதத்தில் வழங்கும் பெறுமானமே. அரசியற் பொருளாதாரத்தின் பெறுமதிக் கோட்பாட்டை இதற்குள் புகுத்த முயலும் ஆர்வம் சில நண்பர்களுக்கு எழக்கூடுமாதலால் இதனைச் சொல்லிவைக்கிறோம்.) துணைநிரலிடம் ஒப்படைக்கப்படுவது எதுவாயினும் அதனைப் பரமானம் என்போம்.

துணைநிரல் என்ற அமைப்பு முறையாக உருப்பெற்றது கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எனலாம். அங்கு 1949 மே 6ஆம் நாள் முதன்முதலாக நிரலொன்றை இயக்கிய எட்சக் என்னும் கணனியில், பாதரசக் குழாய்களாலான நினைவகம் தொடக்கத்தில் 512 சொற்களை மட்டுமே கொள்ளக்கூடியதாயிருந்தது. பலருக்கும் திரும்பத்திரும்பத் தேவைப்பட்ட கணிப்புகளைத் தனித்தனித் தாள்நாடாக்களிற் துளையிட்டு ஒரு நூலகமாகப் பேணும் வழக்கம் அங்கு உருவாயிற்று. மொறிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்ரான்லி கில் ஆகிய மூவரும் இந்நூலகத்தை விளக்கி எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது. அழைத்த நிரலுக்குத் திரும்பிச் செல்லும் வழியைத் துணைநிரல் தன்னுள் தானே எழுதிக்கொள்ளும் உத்தி வீலருடையது. ஆயினும், இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது அவ்வுத்தியை விட அந்நூலகம் ஏற்படுத்திய உறவையே. துணைநிரலை எழுதியவர் ஒருவர். அதனைப் பயன்படுத்துபவர் வேறொருவர். நிரலாக்கத் தொழிலினுள் வேலைப்பிரிவினை இவ்வாறு புகுந்தது. ஒருவரே அனைத்தையும் எழுதும்வரை உரிமை பற்றிய கேள்வி எழ இடமில்லை. இருவர் சேர்ந்தவுடன் அது எழுகின்றது. எனினும், எட்சக்கின் துணைநிரல்களுக்குக் கொடுக்கப்பட்டவை எண்களும் முகவரிகளுமே. அழைப்புக் கட்டளையை அடுத்து அவை வரிசையாக எழுதப்பட்டன. படியா சுட்டா என்ற பேதம் அங்கு இன்னும் கோட்பாடாக வடிவம் பெறவில்லை.

அப்பேதம் முதலிற் தலைகாட்டியது ஒரு விபத்தின் வடிவில். ஐ.பி.எம். நிறுவனத்தின் 704 கணனிக்காக ஜோன் பக்கஸ் தலைமையிலான குழுவினர் ஆக்கிய போர்ட்ரான் 1957இல் வெளிவந்தது. தனித்தனியே தொகுக்கப்படும் துணைநிரல்கள் 1958இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டன. பரமானத்தின் முகவரியைத் துணைநிரலுக்கு அறிவித்துவிடுவது அம்முறையின் அடிப்படை. அக்காலத்து நிலைமையில் இது இயல்பானதே. ஆயிரம் எண்களைக் கொண்ட ஓர் அணியை அழைப்புக்கு அழைப்பு படியெடுப்பதற்கு இடமும் இல்லை, இயந்திர நேரமும் இல்லை. ஆனால், இதன் விளைவாக ஒரு வேடிக்கை நேர்ந்தது. 2 என்ற மாறிலியைத் துணைநிரலொன்றுக்கு அனுப்ப, அத்துணைநிரல் தன் பரமானத்துடன் ஒன்றைக் கூட்டிவிடுமாயின், பழைய தொகுப்பிகள் பலவற்றில் 2 என்ற எண் சேமிக்கப்பட்டிருந்த இடத்தில் 3 குந்திக்கொள்ளும். அதன்பின் அந்நிரலில் 2 என்று எழுதப்பட்ட இடமெல்லாம் 3 ஆகும். மாறிலி மாறிவிட்டது. இதனை ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே நிரலாளர் சொல்லிவந்தனர். உண்மையில், ஒப்படைப்பவர் எதனை ஒப்படைக்கிறோம் என்றறியாமலே தம் உடைமையின் மீதான முழு அதிகாரத்தையும் கைமாற்றிவிடும் ஓர் உறவின் வெளிப்பாடு அது.

1960 ஜனவரியில் பாரிஸ் நகரிற் கூடிய பதின்மூவர் இப்பிரச்சினையை வேறொரு தளத்தில் அணுகினர். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த அவர்கள் எந்தவொரு நிறுவனத்தின் கணனிக்காகவும் மொழி சமைக்கவில்லை. கணிப்புமுறைகளை மனிதர் ஒருவருக்கொருவர் அறிவிப்பதற்கான பொதுமொழியொன்றையே வேண்டினர். டென்மார்க்கைச் சேர்ந்த பீற்றர் நோர் பதிப்பித்த அல்கோல் 60 அறிக்கை பரமானங்களுக்கு இரு வழிகளை வகுத்தது. ஒன்று பெறுமானவழி. மற்றையது பெயர்வழி. பெயர்வழியில் அனுப்பப்படுவது பொருளும் அன்று, அதன் முகவரியும் அன்று. அதனைக் குறிக்கும் தொடரே அனுப்பப்படுகின்றது. துணைநிரல் அத்தொடரைக் குறிப்பிடும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகக் கணிக்கப்படும். துணைநிரலின் தலைப்பில் வெளிப்படையாக வேறு கூறாவிடின் இதுவே விதி. தர்க்க அழகில் இதற்கு நிகரில்லை. யேர்ன் யென்சன் என்னும் டேனியர் இதனைக் கொண்டு ஒரே துணைநிரலால் எத்தொடரின் கூட்டுத்தொகையையும் காணும் உத்தியை வகுத்தார்.

ஆனால், இரு மாறிகளின் பெறுமானங்களை இடம் மாற்றும் மிக எளிய துணைநிரலை இம்முறையிற் பிழையின்றி எழுத முடியவில்லை. அ என்ற மாறியையும், ஓர் அணியின் அஆம் உறுப்பையும் இடம் மாற்ற விரும்புகிறோம் எனக் கொள்வோம். அ இன் பெறுமானம் 1. அணியின் முதலாம் உறுப்பு 2. முதலிற் பழைய 1 ஐ ஒருபுறம் வைத்துவிட்டு அ இல் 2 ஐ இடுகிறோம். பின்னர் 1 ஐ அணியின் அஆம் உறுப்பில் இடச் சென்றால், அத்தொடர் இப்போது இரண்டாம் உறுப்பைக் குறிக்கின்றது. முதலாம் உறுப்பு தீண்டப்படாமலிருக்க, தொடர்பேயில்லாத இரண்டாம் உறுப்பு அழிந்துபோகின்றது. இயந்திரத்தின் நெருக்கடியிலிருந்து விடுபட்ட சிந்தனை எத்தகைய தூய்மையை அடையும் என்பதற்கும், அத்தூய்மை நடைமுறையை எதிர்கொள்ளும்போது எங்கே இடறும் என்பதற்கும் அல்கோலின் பெயர்வழி ஒருசேரச் சான்றாகின்றது. பின்வந்த மொழிகளுட் பெரும்பாலானவை அதனைக் கைவிட்டன.

இதுவரை கூறியவை யாவும் எண்களையும் எண்களின் அணிகளையும் பற்றியன. பதிவேடு வந்த வழி முற்றிலும் வேறு. அறிவியற் கணிப்பு அதன் தாயகமன்று. அரசாங்கக் கந்தோரும் வணிகக் கணக்கறையுமே அதன் தாயகம். 1890இல் நடைபெற்ற அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுக்காக ஹேர்மன் ஹொலறித் அறிமுகப்படுத்திய துளையட்டையில் ஒரு மனிதர் ஓர் அட்டையானார். அவரது வயது, பால், தொழில் என்பன அவ்வட்டையின் புலங்களாயின. பின்னர் ஐ.பி.எம். 1928இல் வெளியிட்ட 80 நிரல்கொண்ட அட்டை உலகெங்கும் வழங்கலாயிற்று. ஊதியப் பட்டியல், காப்புறுதி, களஞ்சியக் கணக்கு என நவீன முதலாளித்துவ நிருவாகத்தின் நினைவாற்றல் முழுவதும் இவ்வட்டைகளில் அடுக்கப்பட்டது. 1959 மே மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தலைமையகமான பென்ரகனில் நடந்த கூட்டத்தின் வழியே உருவான கோபோல் மொழி, இவ்வட்டையின் அமைப்பை அப்படியே தன் தரவுப் பிரிவில் ஏற்றுக்கொண்டது. 01 என்ற மட்டத்தில் ஊழியர். அதன்கீழ் பெயர், இலக்கம், சம்பளம். சம்பளத்தின்கீழ் அடிப்படையும் படிகளும். நிரலாளர் தம் தேவைக்கேற்பப் பொருள்களின் உருவை வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு இங்குதான் பரவலாகக் கிட்டியது.

அந்தக் கோபோலில் தொடக்கத்தில் பரமானமே கிடையாது என்பது கவனத்துக்குரியது. நிரலின் ஒவ்வொரு பகுதியும் ஒரே தரவுப் பிரிவைப் பார்த்தது, ஒரே தரவுப் பிரிவில் எழுதியது. கந்தோரின் நடுவே பெரிய பேரேடொன்று திறந்துகிடக்க, எழுதுவினைஞர் அனைவரும் வந்து தத்தம் பேனாவால் எழுதிச் செல்வது போன்ற ஏற்பாடு இது. தவறு நேர்ந்தால் எழுதிய கை எது என்று கண்டுபிடிப்பது எளிதன்று. ஒரு நிரல் இன்னொன்றை அழைத்துப் பதிவேடுகளைக் கையளிக்கும் முறை 1974ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர விதியிலேயே இடம்பெற்றது. சுட்டாகவா உள்ளடக்கத்தின் படியாகவா கையளிப்பது எனத் தெரிந்தெடுக்கும் உரிமை 1985ஆம் ஆண்டின் தர விதியிலேயே கிடைத்தது. கால் நூற்றாண்டுக் காலம் உலகின் சம்பளப் பட்டியல்களுட் பெரும்பங்கு திறந்த பேரேட்டு முறையிலேயே இயங்கியது.

ஆகவே, அறுபதுகளின் நடுப்பகுதிவரை இரு மரபுகள் தனித்தனியே நின்றன. பல்கலைக்கழக மரபிற் பரமானம் பற்றிய கோட்பாடு இருந்தது, பதிவேடு இல்லை. வணிக மரபிற் பதிவேடு இருந்தது, பரமானக் கோட்பாடு இல்லை. இவ்விரண்டும் சந்தித்தபோதுதான் நாம் ஆராயும் பிரச்சினை அதன் முழுவடிவத்தை எய்தியது. ஏனெனில், ஓர் எண்ணைப் படியெடுப்பதும் அதன் முகவரியைக் கொடுப்பதும் செலவில் ஏறத்தாழ ஒன்றே. இருநூறு எழுத்துக்கள் கொண்ட பதிவேட்டின் நிலை அவ்வாறன்று.

இச்சந்திப்பில் முதன்மையானவர் ரொனி ஹோர். மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பி, இலண்டனில் எலியட் சகோதரர் கணனி நிறுவனத்திற் பணியாற்றிய அவர், பதிவேடுகளைக் கையாளுதல் பற்றிய தம் முன்மொழிவை 1965இல் அல்கோல் மடலில் வெளியிட்டார். மறு ஆண்டில் நிக்லவுஸ் விர்த்துடன் சேர்ந்து அவர் வகுத்த மொழி, பின்னர் அல்கோல் டபிள்யூ எனப்பட்டது. அம்மொழியில் பதிவேட்டை நேரே தீண்ட முடியாது. அதனைச் சுட்டும் சுட்டின் மூலமே அணுக முடியும். துணைநிரலுக்குப் பெறுமானவழியில் அனுப்பினாலும் படியெடுக்கப்படுவது சுட்டேயன்றிப் பதிவேடு அன்று. முன்னர்க் கூறிய உவமையில், பெட்டகத் திறப்புக்கு இன்னொரு திறப்பு வெட்டிக் கொடுப்பதற்கு இது ஒப்பாகும். திறப்புகள் இரண்டு, உறுதி ஒன்று. முப்பது ஆண்டுகளின் பின், 1995இல் வெளிவந்த ஜாவா இதே ஏற்பாட்டைக் கோடிக்கணக்கான நிரல்களுக்குப் பொதுவிதியாக்கியது. ஜாவாவில் எல்லாம் பெறுமானவழியே என்று ஆசிரியர் கூற, பின் ஏன் என் பொருள் மாறிற்று என மாணவர் கேட்கும் குழப்பத்தின் வேர் இங்குள்ளது. எதனையும் சுட்டாத வெற்றுச் சுட்டையும் ஹோர் அன்றே அனுமதித்தார். அதனைத் தம் பெருந்தவறென 2009இல் அவரே பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார்.

இதே காலத்தில் நோர்வேயில் ஒலே-யொஹான் டால், கிறிஸ்ரன் நைகோர் ஆகிய இருவரும் சிமுலா 67 மொழியை ஆக்கினர். அதன் பொருள்களும் சுட்டாகவே கைமாறின. நைகோர் எழுபதுகளின் முற்பகுதியில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, ஆலைகளிற் புகுத்தப்படும் கணனி முறைமைகள் மீது தொழிலாளர் செல்வாக்குச் செலுத்துவதற்கான அறிவைத் திரட்டும் பணியில் ஈடுபட்டார். சிமுலாவின் சுட்டுவிதிக்கும் இப்பணிக்கும் நேரான தொடர்பு காட்ட முனைவது மிகையாகும். எனினும், தொழிலாளியைப் பற்றிய பதிவேட்டை யார் வாசிக்கலாம், யார் திருத்தலாம் என்று தொழிற்சங்கத்தினுள் நின்று கேட்ட ஒருவர், பொருள்களையும் அவற்றின் மீதான செயல்களையும் ஒன்றாகப் பிணைத்த மொழியின் ஆசிரியரும் ஆவார் என்பதைக் கணனி வரலாற்று நூல்கள் போகிறபோக்கிற் கூறிவிடுவதை நாம் ஏற்கவியலாது.

விர்த், சூரிச் நகரில் ஆக்கி 1970இல் வெளியிட்ட பஸ்கால், பதிவேட்டை எண்ணுக்கு நிகரான தகுதியுடையதாக்கியது. வெறுமனே எழுதினால் படி. வர் என்ற சொல்லை முன்னே இட்டால் மூலம். துணைநிரலின் தலைப்பை வாசித்தவுடனேயே அது எதை மாற்றக்கூடும் என்பது விளங்கும். கற்பித்தலுக்கு இதனினும் தெளிவான ஏற்பாடு இல்லை. ஆயின், சிறிய கணனிகளில் இதனைப் பயன்படுத்தியோர் பெரிய பதிவேடுகளையும் அணிகளையும் படியெடுக்க நினைவகம் இன்றி, மாற்றும் எண்ணமே இல்லாதவிடத்தும் வர் இட்டு எழுதலாயினர். பாடநூல்களும் அதையே ஆலோசனையாகக் கூறின. இதனால் அச்சொல் தன் பொருளை இழந்தது. மாற்றுவேன் என்ற அறிவிப்பு, இடமில்லை என்ற அறிவிப்பாகத் தேய்ந்தது.

சி மொழியின் கதை இன்னும் நேரடியானது. பெல் ஆய்வுகூடத்திற்கு வந்த பீடிபி-11 கணனியின் நினைவகம் 24,000 எழுத்துக்களளவே. டெனிஸ் றிச்சி 1973 அளவில் அம்மொழியிற் பதிவேட்டமைப்பைச் சேர்த்த பின்னரே யுனிக்ஸ் இயக்குமுறைமையின் கருவை அம்மொழியில் திருப்பி எழுத முடிந்தது. ஆயினும், 1978இல் வெளிவந்த கேர்னிகன்–றிச்சி நூலின்படி, பதிவேட்டை முழுதாகத் துணைநிரலுக்கு அனுப்பவோ இன்னொன்றுக்கு ஒப்படைக்கவோ இயலாது. அதன் முகவரியை எடுக்கலாம், அதன் உறுப்பொன்றை அணுகலாம், அவ்வளவே. எண்கள் யாவும் பெறுமானவழியிற் செல்லும் ஒரு மொழியில், நிரலாளர் வகுத்த வகை மட்டும் இரண்டாந்தரக் குடியாக வாசலில் நின்றது. இத்தடை விரைவில் நீங்கும் என்று அந்நூலே அறிவித்திருந்தது. அவ்வாறே நீங்கி, 1989ஆம் ஆண்டின் தர விதியில் முழுமையான இடம் பெற்றது.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தேவைக்கென, பிரான்சைச் சேர்ந்த ஜோன் இக்பியா தலைமையில் உருவாகி 1983இல் தர விதியான ஏடா மொழி, கேள்வியையே மாற்றிக் கேட்டது. படியா சுட்டா என்பதை நிரலாளர் கூற வேண்டியதில்லை. உள்ளே வருவதா, வெளியே போவதா, இரண்டுமா என்று நோக்கத்தை மட்டும் கூற வேண்டும். பதிவேடுகளைப் பொறுத்தவரை எவ்வழியிற் கொண்டுசெல்வது என்பது தொகுப்பியின் விருப்பம். அவ்விருப்பத்தை நம்பி எழுதப்படும் நிரல் தவறானது. 1991இல் வெளியான போர்ட்ரான் 90 தர விதியும், மொழியில் முதன்முறையாக நிரலாளர் வகுத்த தரவு வகைகளை அனுமதித்தபோது, இத்தகைய நோக்க அறிவிப்பையும் உடன் சேர்த்தது. போரியந்திரத்துக்காகப் பிறந்த ஒரு மொழியிற் பொறுப்பு பற்றிய இத்துணைத் தெளிவு இருப்பது எமக்கு உவப்பானதாக இல்லாவிடினும், அதனை மறுப்பதற்கில்லை.

இவற்றையெல்லாம் நினைவகத்தின் விலை என்ற ஒரே காரணியாற் விளக்கிவிடலாமா? அவ்வாறு செய்வது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். 1991இல் வெளிவந்த விசுவல் பேசிக் இதற்கு நல்ல மறுப்பு. அக்காலத்து மேசைக் கணனியின் நினைவகம் பழைய பீடிபி-11 இனதைப் போன்று பன்மடங்காகிவிட்டது. இருந்தும், அம்மொழியில் எதுவும் கூறாவிடின் பரமானம் சுட்டுவழியிலேயே செல்லும். எண்களையாவது விரும்பினால் பெறுமானவழியில் அனுப்பலாம். நிரலாளர் தாமே வகுத்த தரவு வகையை அவ்வாறு அனுப்ப முயன்றால் தொகுப்பி மறுத்துவிடும். 1998ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்புவரை இதுவே நிலை. வாடிக்கையாளர் பதிவேடொன்றை அச்சிடுவதற்காகத் துணைநிரலுக்கு அனுப்பும் சிறு வணிகநிலைய நிரலாளர், அத்துணைநிரல் அதைத் தற்செயலாகத் திருத்திவிடாதிருக்க, முதல் வரியிலேயே தாமாக ஒரு படி எடுத்துவைத்துக்கொள்வார். மொழி மறுத்த பாதுகாப்பை மனித உழைப்பு ஈடுசெய்தது. 2002இல் வந்த அடுத்த தலைமுறைப் பதிப்பில் பெறுமானவழி பொதுவிதியாக்கப்பட்டது. வகுத்த வகைகளுக்கும் அவ்வழி திறக்கப்பட்டது. உடனே எழுந்த முறையீடு, பழைய நிரல்கள் புதிய பதிப்பில் பிழைபடுகின்றன என்பதே. பொருளியல் அடித்தளம் மாறிய பின்னரும் அதன்மேல் எழுந்த பழக்கம் தன் சொந்த வலுவில் நெடுங்காலம் நிற்கும் என்பதை இலக்கிய மாணவர் யாப்பு வரலாற்றில் கண்டிருப்பர்.

மாற்றும் உரிமையை வெளிப்படையாகவே இலக்கணமாக்கிய மொழி 2015இல் முதற்பதிப்புக் கண்ட றஸ்ட். அங்குப் பதிவேட்டுக்கு எக்கணத்திலும் ஒரே உடைமையாளர். துணைநிரலிடம் அதனை முற்றாகக் கையளித்துவிட்டால் அழைத்தவர் அதன்பின் அதனைத் தொட முடியாது. இரவல் கொடுக்கலாம், வாசிக்க மட்டுமாயின் பலருக்கும், மாற்றுவதற்காயின் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். விதி மீறப்பட்டால் நிரல் தொகுக்கப்படவே மாட்டாது. இச்சொற்கள் அனைத்தும் சொத்துடைமைச் சட்டத்தின் சொற்கள் என்பது தற்செயலா என்பது தனியே ஆராயத்தக்கது.

பழைய ஏற்பாடுகளோ முற்றாக மறைந்துவிடவில்லை. எழுபதுகளின் நினைவகப் பஞ்சத்திற் செய்யப்பட்ட சமரசமொன்று இன்றைய சி மொழித் தர விதியிலும் அப்படியே இருக்கின்றது. ஆயிரம் எண்களைக் கொண்ட ஓர் அணியைத் துணைநிரலுக்கு அனுப்பினால் முகவரி மட்டுமே செல்கின்றது. துணைநிரல் செய்யும் மாற்றம் மூலத்தில் விழுகின்றது. அதே அணியை ஒரு பதிவேட்டின் உறுப்பாக்கி அப்பதிவேட்டை அனுப்பினால், ஆயிரம் எண்களும் ஒன்றுவிடாமற் படியெடுக்கப்பட்டுச் செல்கின்றன, மூலம் தீண்டப்படுவதில்லை.